வீட்டுக்கு வந்த டயாலிசிஸ்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு, டயாலிசிஸுக்காகக் கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்கு வாரம் மூன்று நாள் பஸ் ஏறினோம். போகிற நாள் ஆஸ்பத்திரியில் கழியும். மறுநாள் அவருக்கு எழுந்து உட்காரவே தெம்பிருக்காது.

ஒருநாள் டாக்டரம்மா சொன்னார்: "இன்னொரு வழி இருக்கு. வயித்துல சின்னக் குழாய் வச்சு, பையில இருக்குற மருந்துத் தண்ணிய உள்ள விட்டு, சில மணி நேரம் கழிச்சு, ரத்தத்துலருந்து எறங்குன கழிவோட வெளிய எடுக்கணும். தினமும் சில தடவை. வீட்லயே நீங்களே செஞ்சுக்கலாம்."

கூட வந்திருந்த அவருடைய அண்ணன் முந்திக்கொண்டார். "வேணாம் மேடம். கிராமம், ஒரே தூசி. இங்கயே பாத்துருங்க."

டாக்டரம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவோம், படுக்கச் சொன்னால் படுப்பார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, சித்த பொறு. ஒடம்பு என்னுது, நானே கேக்குறேன்" என்றார். அண்ணன் முகம் சுண்டிப்போனது.

குளிக்கலாமா, தோட்டத்தில் இறங்கலாமா, குழாயில் சீழ் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "இதச் செய்யுற யாரையாச்சும் நான் பாக்கணும்" என்றார்.

அடுத்த முறை போனபோது, பேரையூரிலிருந்து, அப்படி வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒரு பெண் வந்திருந்தார். "நல்லதுதாண்ணே. ஆனா லேசுன்னு நெனச்சுறாதீங்க. ஒருநா அவசரத்துல கை சரியா கழுவல. காய்ச்சல் வந்து, வயித்து வலியில துடிச்சுப் போனேன்" என்று உள்ளதைச் சொன்னார்.

திரும்பும்போது, "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. எம்புட்டு கஷ்டம்னு தெரிஞ்சுதான எறங்குறேன்."

குழாய் வைத்தபின் நர்சுகள் எங்கள் இருவருக்கும் பழக்கிக் கொடுத்தார்கள். வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்தோம். மனத்தாங்கலோடு ஒதுங்கியிருந்த அண்ணன், ஒருநாள் ஆளைக் கூட்டிவந்து அந்த அறைக்குள்ளேயே கை கழுவும் தொட்டி வைத்துக் கொடுத்தார். தூசி பறக்கும் என்பதால் பை மாற்றும்போது காற்றாடி ஓடக் கூடாது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும். வெளியே வந்த தண்ணீர்ப் பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்ப்பார். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் தொற்று இல்லை. தெரிகிற தலைப்பை எனக்கு உரக்க வாசித்துக் காட்டுவார்.

ஒரு காலையில் வாசிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் மங்கலாக இருந்தது. அவர் அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா, தண்ணி கலங்கியிருக்கு. பையோட வாரோம்."

உடனே போனதால் மருந்திலேயே சரியானது. "பழையபடி இங்கயே வந்துர்றீங்களா? எதுன்னாலும் உங்க இஷ்டம்" என்றார் டாக்டரம்மா. இந்த முறை அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

"கொழாயே இருக்கட்டும்மா. இனி சூதானமா இருந்துக்கிறேன்."

போன மாதம் திருப்பரங்குன்றத்தில் சொந்தக்காரர் கல்யாணம். பைகளையும் எடுத்துக்கொண்டு போனோம். மண்டபத்தில் ஓர் அறையைத் துடைத்து, கதவைச் சாத்தி, பையை அவரே மாற்றிக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "எனக்கு உப்பக் கொறச்சுப் போடுங்கப்பா" என்று பந்தியில் உட்கார்ந்தார்.