முறத்தில் விழுந்த நைனா

வைக்கோலில் பழுக்கவைத்த மாம்பழத்தின் வாசனை எந்தக் கடையில் அடித்தாலும் நான் இன்னும் கதவு எங்கே என்று பார்ப்பேன். சத்தியவேட்டுப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆந்திராவுக்கா சென்னை ராஜ்ஜியத்துக்கா என்று இழுபறியாக இருந்த காலம். "எல்லை அளக்க வந்துக்கினு கீறாங்க. சண்ட வந்தாலும் வரும், நான் கூப்புடற வரைக்கும் வெளிய வராத" என்று நைனா என்னைப் பழ அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இன்று இடமே தெரியாமல் போய்விட்ட, ஜன்னலில்லாத அந்த அறையில், வைக்கோல் வெக்கையும் எங்கோ ஒரு பழம் அழுகும் புளிப்புமாக நான் உட்கார்ந்திருக்க, கதவில் ஆணி கழன்ற ஓட்டை வழியே வந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் எங்கள் களத்தைத் தலைகீழாகக் காட்டியது. மேலே மண், கீழே வானம், இடையில் சங்கிலியும் சிவப்புக் கொடியுமாக ஆட்கள், அவர்கள் நடுவில் தலை கீழே தொங்க நைனா. வெளியே கூச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

ஒளி நேர்கோட்டில் போவதால்தான் ஓட்டைக்குள் மேலது கீழாகிறது என்று படித்ததெல்லாம் பிறகு. அன்று நைனா வானத்துக்குள் விழப்போகிறார் என்றே நினைத்தேன். வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நின்று, அங்கே கிடந்த முறத்தை அதன் குறுக்கே நீட்டினேன். அவர் அதில் வந்து விழுந்தார். அப்படியே வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கதவை நோக்கி நகர்ந்தேன். ஓட்டையை நெருங்க நெருங்க, முறத்தில் நைனா சின்னதாகிக்கொண்டே போனார்.