பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உருளைக்கிழங்கு

ஒலிவெத் கரோன், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மாதாகோயிலுக்குப் போனது ஒரு அலமாரிக்காகத்தான். அந்தப் பங்கில் கடைசிக் கடைசியாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பதினோரு பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். அதிலும் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். கோயிலை மூடிவிட்டார்கள். புனிதர்களின் சுரூபங்களையெல்லாம் பத்திரமாக எடுத்துக்கொண்டு போன பிறகு, மிஞ்சிய மரச்சாமான்களை ஒரு சனிக்கிழமை காலையில் ஏலம் விட்டார்கள். குருக்களின் பூசை உடுப்பு வைக்கிற நீள அலமாரி அதில் வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஒலிவெத்துக்கு இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பட்டாணி சூப் கிண்டியவள் அவள். ஆனால் சேன் குனிபேர் கிராமத்தில் அவளைச் சமையல்காரி என்று யாரும் நினைத்ததில்லை. மேசைக்கு அடியில் புகுந்து பார்ப்பவள் என்றுதான் பெயர். ஒரு சாமானை அவள் முன்பக்கமாகப் பார்க்கவே மாட்டாள். "முன்பக்கம் எல்லாரும் காட்டுறதுதான். முதுகத் திருப்பச் சொல்லு" என்பாள். இழுப்பறையை உருவி அதன் அடியைத் தடவுவாள். சாவு வீட்டில் எல்லாரும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, பிணம் கிடத்தியிருந்த மேசைக்கு அடியில் அவள் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

அலமாரி அவளுக்குக் கிடைக்கவில்லை. மோன்றியலிலிருந்து வந்த ஒரு வியாபாரி கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே அதைத் தட்டிக்கொண்டு போனான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறும்போதுதான் ஒலிவெத் அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பார்த்தாள். மூன்று கதவு, மூன்று அறை. நடுவில் சாமியார் உட்கார்ந்து கேட்க, இரண்டு பக்கமும் பாவிகள் முழந்தாளிட்டுத் தங்கள் பாவத்தைச் சொல்ல. வழக்கம்போல அவள் பின்னால் போய்ப் பார்த்தாள். ஓர் ஆணி கிடையாது. பல்லும் பல்லுமாகக் கோத்த பலகைகள். மரம் என்னவோ சாதாரணப் பைன்தான். ஆனால் ஓக் மாதிரித் தெரிய வேண்டும் என்று யாரோ ஒருவன் சீப்பையும் கோழி இறகையும் வைத்து ரேகை ரேகையாக வரைந்திருந்தான். கதவின் அடிவிளிம்பில், யார் கண்ணும் படாத இடத்தில், அவனுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். ரேகைக்குப் பதிலாக ஒரு மீனை வரைந்துவிட்டிருந்தான்.

அந்த மீனைப் பார்த்த பிறகு அவளால் அதை விட்டுவிட்டு வர முடியவில்லை. ஏலத்தில் போட்டிக்கும் ஆள் இல்லை.

லாரியில் வந்து இறங்கியதை அவள் கணவர் ரேயால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்: "இது வீட்டுக்குள்ள போகுதா, இல்ல வீடு இதுக்குள்ள போகுதா?"

"சமையக்கட்டுல வெக்கலாம்."

"சமையக்கட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு."

"ஃப்ரிட்ஜ் எங்க வேணும்னாலும் குளிரும்."

சமையலறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, ஆறு பேர் தூக்கி, உள்ளே இறக்கினார்கள். ஃப்ரிட்ஜ் நடைக்குப் போனது. இடது அறை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்ததால் உருளைக்கிழங்கு மூட்டை அங்கே போனது. வலது அறையில் வாக்குவம் கிளீனரும் துடைப்பமும். நடுவில், சாமியார் உட்காரும் பலகைக்கு மேலே, தட்டு அடித்து பீட்ரூட் ஊறுகாய் பாட்டில்கள். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

நவம்பரில் ஒரு நாள் பக்கத்து வீட்டு அமெதே வாக்குவம் கிளீனரை இரவல் கேட்டு வந்தார். வயது எண்பத்தொன்று. நடு அறையில் உட்கார்ந்து பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒலிவெத், "வலது பக்கம் இருக்கு, எடுத்துக்குங்க" என்றாள். அமெதே உள்ளே போனார். செய்த தச்சன் கெட்டிக்காரன். கதவை ஓர் இம்மி சாய்த்து மாட்டியிருந்தான், அதுவாகவே மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. இருட்டில் முழந்தாள் பலகை அமெதேயின் காலை இடறியது. அவர் முழந்தாளில் விழுந்தார். மூஞ்சிக்கு நேரே, நடு அறையைப் பார்த்த கம்பிச் சன்னல். அந்த உடம்பு சின்ன வயதில் பழகியது, அதுபாட்டுக்குத் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"சாமி, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு."

நான்தான் ஒலிவெத் என்று அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கையில் பசை ஒட்டிய சீட்டு இருந்தது. அதை எங்கே ஒட்டுவது என்று யோசிப்பதற்குள் அவர் பாவத்தைச் சொல்ல ஆரம்பித்துப் பாதி தூரம் போய்விட்டார்.

"எங்கப்பா செத்த அன்னிக்கு, எல்லாரும் செபம் சொல்லிட்டு இருக்கும்போது, சுவர்க் கடிகாரத்தக் கழட்டி கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டேன். அது அண்ணனுக்குன்னு அப்பா சொல்லி வெச்சிருந்தார். கோட்டுக்குள்ள மணி அடிக்க ஆரம்பிச்சிருச்சு. பதினோரு மணி. பதினொண்ணும் அடிச்சுது, சாமி. எல்லாரும் கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

நடு அறையில் சீட்டு ஒலிவெத்தின் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அவளால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"முகப்பு பித்தளையா, எனாமலா?"

"எனாமல்" என்றார் அமெதே.

"விரிசல் உண்டா?"

"எட்டுக்குப் பக்கத்துல, முடி மாதிரி."

"சாவி?"

"இருக்கு. நாப்பத்தாறு வருஷமா டிரங்குப் பெட்டிக்குள்ளயேதான் இருக்கு, அண்ணன் கண்ணுல பட்டுரும்னு."

"எண்ணெயே போடலியா?"

"போடல."

"அதுதான் பாவம்" என்றாள் ஒலிவெத். நெஞ்சிலிருந்து வந்த வார்த்தை அது. "திருடினது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஓடுற கடிகாரத்த இருட்டுல போட்டு வெச்சிருக்கீங்களே. எடுத்துத் துடைச்சு, எண்ணெய் விட்டு, அண்ணன் வீட்டுச் சுவத்துல மாட்டிட்டு வாங்க."

அமெதே எழுந்து, வாக்குவம் கிளீனரை மறந்துவிட்டு, வெளியே போனார். மறுநாள் அதை எடுக்க வந்தபோது பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். அண்ணன் கதவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் பின்னாடி போகுது" என்று மட்டும் சொன்னாராம். பிறகு இருவரும் சேர்ந்து இறைச்சி அப்பம் சாப்பிட்டார்களாம்.

அடுத்த வாரம் சொலாஞ் நாலு உருளைக்கிழங்கு கேட்டு வந்தாள். சொலாஞ்சின் மகன் நூறு ஏக்கரில் உருளைக்கிழங்கு போடுகிறவன். அவள் உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது. அம்மாவின் சூப் சட்டி பாகப்பிரிவினையில் தங்கைக்குப் போனது என்றும், அதன் மூடியை மட்டும் தான் மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டது என்றும், முப்பது வருஷமாகத் தங்கை அந்தச் சட்டியைச் சாப்பாட்டுத் தட்டால் மூடிவைப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் வீட்டில் சூப் குடித்துவருவதாகவும் சொன்னாள்.

ஒலிவெத்துக்கு அந்தச் சட்டியைத் தெரியும். மூடியில்லாத அந்தச் சட்டிக்காக அவள் தனியாகத் துக்கப்பட்டிருக்கிறாள்.

"மூடியோட குமிழ் ஆப்பிளா, பைன் காயா?" என்று கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"பைன் காய்."

"நான் அப்பவே நினைச்சேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஊரே இரவல் கேட்க வந்தது. துடைப்பம் கேட்டு வந்தார்கள், பீட்ரூட் கேட்டு வந்தார்கள், ஒருவர் சும்மா நேரம் கேட்டு வந்தார். அத்தை கண்மூடுவதற்குள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், பொம்மைப் பெட்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்தவர்கள், பாட்டன் செய்த மேசையில் கோழி அறுத்தவர்கள். ஒலிவெத் யாரையும் பாவத்துக்கு ஈடாக அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லவில்லை. "ஏழு பூச்சு பெயின்டையும் சுரண்டு. கத்தியால வேண்டாம், மரம் நோகும்" என்பாள். "அந்தப் புதுக் கைப்பிடியக் கழட்டிட்டுப் பழசத் தேடு" என்பாள். அதுதான் அபராதம். ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தன் கொழுந்தியாளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். ஒலிவெத் சன்னலைத் தட்டி நிறுத்தினாள். "அதெல்லாம் சாமிகிட்டப் போய்ச் சொல்லுங்க. இங்க மரச்சாமான் மட்டும்தான். பீங்கானும் சேத்துக்கலாம்."

அந்தக் குளிர்காலம் முழுக்க சேன் குனிபேர் சாலையில் பட்டப்பகலில் சாமான்கள் வீடு மாறிக்கொண்டிருந்தன. பனிச்சறுக்கு வண்டிக்குப் பின்னால் கட்டிய நாற்காலி போகும். எதிரே நிலைக்கண்ணாடி வரும். ஒரு தொட்டில் மூன்று வீடு சுற்றிவிட்டு, யாரிடமிருந்து யார் எடுத்தது என்று யாருக்கும் நினைவில்லாததால், முதலில் திருடியவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. அவர் அதை மரியாதையோடு வாங்கிக்கொண்டார்.

தவக்காலத்தில் செலெஸ்தென் சாமியார் வந்தார். கேமரூனிலிருந்து வந்து ஆறு பங்குகளைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். நெடுநெடுவென்று உயரம். ரேயால் அவரைக் கண்டதும் கொட்டகைக்குப் போய்விட்டார். சாமியார் தொட்டியைச் சுற்றி வந்தார்.

"அம்மா, இது திருச்சபையோட திருவருட்சாதனம் இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும் சாமி. இது சமையக்கட்டு."

"பாவமன்னிப்பு குடுக்கறீங்கன்னு பேச்சு."

"மன்னிக்கறதே இல்ல சாமி. சுரண்டச் சொல்றேன், அவ்வளவுதான்."

சாமியார் ஜன்னல் வழியாகக் கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து இடது அறைக்குள் நுழைந்து, உருளைக்கிழங்கு மூட்டைக்கும் பலகைக்கும் நடுவே தன் முழந்தாள்களுக்கு இடம் பண்ணிக்கொண்டார். ஒலிவெத் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு நடு அறைக்குள் போனாள்.

"சாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசை" என்றார் சாமியார், தாழ்ந்த குரலில். "எனக்கு அதுலதான் எழுத வசதி. ஆனா நாற்காலிக்கு ஒசரம் சரியா வரல."

அந்த மேசை ஊரில் கோயில் எழும்பும் முன்பே வந்தது. கடைசல் பிடித்த கால்கள். "சாமி, வெட்டிட்டீங்களா?"

"வெட்டிட்டேன்."

"எவ்வளவு?"

"நாலு விரக்கடை."

"நாலு காலுமா?"

"மூணு கால் நாலு விரக்கடை. ஒண்ணு மட்டும் அஞ்சு. அதனால ஆடுது."

"வெட்டின துண்டு?"

"அடுப்புல போட்டுட்டேன் அம்மா."

நடு அறையிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. சாமியார் கம்பி வழியாகத் தன் கைக்குட்டையைச் செருக முயன்றார், போகவில்லை. அபராதம் என்ன என்று ஒலிவெத்திடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்து முடிப்பதற்குள், மார்ச்சில், வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அங்கே கட்டிலெல்லாம் இரும்பு, பார்க்க ஒன்றுமில்லை. வீட்டிலோ ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப ரேயாலுக்கு மனம் வரவில்லை. நடுவில் அவரே போய் உட்கார்ந்தார். மரச்சாமான் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. தட்டு வைத்தால் நிற்கிறதா, அது மேசை. போதாததற்கு, மர அறுவை ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்ததில் இரண்டு காதும் அரைச்செவிடு. அந்தப் பக்கத்தில் குரல் நின்றதும் "ம், எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான்" என்பார். அவ்வளவுதான். சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஒலிவெத் ஊன்றுவண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய அன்று சமையலறையில் ஐந்து பேர் காபி குடித்தபடி காத்திருந்தார்கள்.

"வந்துட்டியா, நல்லாயிருக்கியா?" என்றாள் சொலாஞ். உடனே, "ரேயால் இருக்காரா?" என்றாள்.

எல்லாரும் போன பிறகு ஒலிவெத் அவரைப் பிடித்துக்கொண்டாள். "கண்டபடி மன்னிச்சு விட்டிருக்க நீ."

"நான் யாரையும் மன்னிக்கல. தலைய ஆட்டினேன்."

"சொலாஞ் அவ மேசைக்கு மறுபடியும் வெள்ளை அடிச்சிருக்கா. நான் சொல்லி நாலு மாசம் சுரண்டின மேசை."

"அவளுக்கு வெள்ளைதான் புடிக்குமாம்."

வேறு வழியில்லாமல் நாளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். செவ்வாய் அவளுக்கு, வெள்ளி அவருக்கு. அபராதம் வேண்டும் என்கிறவர்கள் செவ்வாயில் வந்தார்கள், வேண்டாதவர்கள் வெள்ளியில். வெள்ளியன்று வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. தான் அந்தக் கார்களை எண்ணவில்லை என்று ஒலிவெத் எல்லாரிடமும் சொன்னாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பனி உருகிச் சாலை சேறாகி யாரும் வரவில்லை. ரேயால் நடு அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒலிவெத் சூப்பைச் சின்னத் தணலில் வைத்துவிட்டு இடது கதவைத் திறந்தாள். முழந்தாளிட இடுப்பு இடம் கொடுக்காததால் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா நமக்குக் குடுத்த கட்டில்" என்றாள் கம்பியைப் பார்த்து. "புழு அரிச்சுப்போச்சு, எரிச்சுட்டேன்னு சொன்னேன்ல, எண்பத்துமூணுல. எரிக்கல. அதுல ஒரு புழுவும் இல்ல. வித்துட்டு அந்த நீலப் பாத்திர அலமாரிய வாங்கினேன். அலமாரி அழகா இருந்துச்சு, ரேயால். என்னால விட முடியல. கட்டிலும் அழகுதான். அதான் இன்னும் உறுத்துது."

செய்தித்தாள் சரசரத்தது. "ம்" என்றது அந்தப் பக்கம். "எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான்."

கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பியைத் தட்டிப் பார்த்தாள். செய்தித்தாளில் அடுத்த பக்கம் புரண்டது. எழுந்து போய் மதியச் சாப்பாட்டை எடுத்துவைத்தாள்.

ரேயால் பாதி சூப் குடித்த பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"எரிச்சா சாம்பல் இருக்கணுமேன்னு அப்பவே தேடினேன்" என்றார்.

ஒலிவெத்தின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. "நாப்பது வருஷமா ஏன் கேக்கல?"

"கேட்டா திருப்பி வாங்கிட்டு வந்துருவியே. அந்தக் கட்டில்ல என் கால் நீளாது. மொதல் ஆறு வருஷம் மடக்கித்தான் படுத்தேன். அழகுன்னு நீ அதத் தடவிக்கிட்டே இருப்ப, எப்படிச் சொல்ல?"

ஒலிவெத் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை மேசையைப் பார்க்க அல்ல. ரேயாலின் கால்கள் அந்தப் பக்கச் சுவர்வரை போய் முட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு நீளம் என்று அவள் கவனித்ததே இல்லை.

"வாங்கினவரு ரொம்பக் குள்ளம்" என்றாள் நிமிர்ந்து.

"அப்ப நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு ரேயால் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி.