எந்த பிளாக்கு?

உமாராணி டீச்சர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக் குழாயைத் துழாவிக்கொண்டே மாடசாமி பேசுகிறார்: "பிளாக்குக்குள்ள பிளாக்கு டீச்சர். ரெண்டும்தான் எனக்குச் சோறு போடுது." முப்பது வருடமாக இதே வேடிக்கை. இப்போதெல்லாம் அவர் மட்டும்தான் சிரிக்கிறார்.

பிளாக் பிளாக்காகப் பிரித்து எண் போட்ட நெய்வேலிக் குடியிருப்பில் கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி அவர். மனிதர்களின் பெயர் அவர் வாயில் நிற்காது. 'நாலாம் பிளாக்கு மாமரத்து வீடு', 'இருபத்தாறு பிளாக்கு நாய்க்காரம்மா' என்றுதான் வரும். கல்யாணமோ சாவோ, காதில் விழுந்ததும் முதல் கேள்வி "எந்த பிளாக்கு?" போன வருடம் இவர் நெஞ்சில் இரண்டு பிளாக் என்று டாக்டர் சொன்னபோது, "கம்பி விட்டு எடுத்துரலாமா சார்?" என்று கேட்டார். அதைத்தான் செய்யப்போகிறோம் என்றார் டாக்டர்.

மகள் இசைப்பிரியாவைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் தினம் ஒரு குரல் செய்தி போகும்: "இன்னிக்கு ஒம்பதாம் பிளாக்குல பெரிய அடைப்பு பாப்பா. ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டிட்டேன்." அப்பா மைன்ஸில் பர்மனென்ட் என்று புகுந்த வீட்டில் அவள் சொல்லிவைத்திருந்தது அவருக்குத் தெரியாது. ஒரு நாள், முழங்கால் வரை சேறோடு நின்று எடுத்த படத்தையும் பெருமையாக அனுப்பினார். அன்றோடு சரி, ஒரு மாதமாகப் பேச்சில்லை. அவளைப் படிக்கவைத்ததே அந்தச் சேறுதான். அதை யார் போய் அவளிடம் சொல்வது?

போன் கெட்டுவிட்டதென்று நினைத்து, பஜாரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஷம்சாத்திடம் கொண்டுபோனார்.

"போன் நல்லாத்தான் இருக்குண்ணே. உங்க பொண்ணு பிளாக் பண்ணியிருக்கு."

மாடசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எந்த பிளாக்கும்மா? மாப்பிள்ளை இங்கயே வேலைக்கு வந்துட்டாரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

ஷம்சாத் தலையைக் குனிந்துகொண்டு விளக்கினாள். இனி அவர் போட்டால் அங்கே மணி அடிக்காது, அனுப்பினால் போய்ச் சேராது, அவளே அப்படிச் செய்து வைத்திருக்கிறாள் என்றாள். மாடசாமி போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார். பார்க்கப் பொறுக்காமல் தன் போனையே எடுத்து நீட்டினாள்.

"இதுல போட்டுப் பேசுங்கண்ணே."

மகளின் எண் அவருக்கு மனப்பாடம். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"ஹலோ," என்றாள் மகள். "யாருங்க? ஹலோ, யார் பேசறீங்க?"

அப்பா என்று தெரிந்தால் இந்த எண்ணையும் அடைத்துவிடுவாள். மாடசாமி ஒரு கையால் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டு, மறு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.