பசியாறிட்டீங்களா, மாமா?

என் தங்கை ரூபினி எதையும் சுலபமாகப் பெற்றவள் இல்லை. அவள் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உயரத்தை வென்றாள். விமானப் பணிப்பெண் தேர்வில் சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். வெறுங்காலில், குதிகாலைத் தூக்கி நின்று, விரல் நுனியால் அதைத் தொட வேண்டும். முதல் தடவை எட்டவில்லை என்று பினாங்கிலிருந்து பஸ் ஏறி வந்தவள், அடுத்த தேர்வு வரைக்கும் எங்கள் அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு எட்டி எட்டிப் பார்த்தாள். தண்ணீரை வென்றாள். மலேசியாவின் கெடா மாநிலத்தில், மெர்போக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு வாய்க்காலில் கால் நனைத்ததுதான் நீச்சல். அவள் வளர்ந்த பிறகு சுங்கைப்பட்டாணிக் குளத்தில் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டாள். ஆங்கிலத்தை வென்றாள். அதற்கு அவள் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது.

எங்கள் அப்பா சின்னையாவையும் வென்றாள். அது எல்லாவற்றையும் விடக் கஷ்டம்.

"ஆகாசத்துல போயி காப்பி கலக்கப் போறியாக்கும். இங்க கலக்குனா கீழ கொட்டிருமா?" என்றார் அப்பா.

"இங்க கலக்குனா நீங்க மட்டுந்தான்பா குடிப்பீங்க. சீனி பத்தலன்னு திட்டுவீங்க."

"அங்க திட்ட மாட்டானா?"

"அங்க இங்கிலீஷ்ல திட்டுவான். எனக்குப் பாதி புரியாது."

அப்பா சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் வேலையில் சேர்ந்து பறந்துகொண்டிருந்தபோது பெருந்தொற்று வந்தது. விமானங்கள் நின்றன, வேலை போனது. நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையிலேயே அவளும் வந்து பெட்டி அடுக்கினாள். நான் கையுறைகளில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கும் பகுதியில் இருக்கிறேன். இடைவேளையில் அவள் சாப்பாட்டு மேசையில் தட்டை வைக்கும்போதுகூட விளிம்பைத்தான் பிடிப்பாள். கட்டைவிரல் தட்டுக்குள்ளே படாது. விமான நிறுவனம் திரும்பக் கூப்பிட்டபோது, பழையபடி பின்னால் இருக்கும் சாதாரண வகுப்பு இல்லை, முன்னால் இருக்கும் பிசினஸ் வகுப்பு என்றார்கள்.

அங்கே சோறு போடுவது ஒரு தனி வேலை. பின்னால் என்றால் தள்ளுவண்டி, ஒரே தட்டில் எல்லாம் வந்துவிடும். முன்னால் அப்படி இல்லை. முதலில் சூடான ஈரத்துண்டைக் கொடுக்க வேண்டும். பயணி நிமிர்ந்து பார்க்கும்படி நிற்கக் கூடாது. நாற்காலிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் பெயரைச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு மேசையை இழுத்து வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி, ரொட்டி, அதற்கப்புறம் பெரிய சாப்பாடு, பழம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டு போக வேண்டும். கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்தால்தான் தட்டை எடுக்கலாம். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. சிலர் விமான நிலையத்துக் காத்திருப்பறையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நேரே 'சாப்பிட்டாயிற்று' என்று குறித்துக்கொண்டு விட்டுவிட வேண்டும்.

ஒவ்வொரு பயணிக்கும் குத்துக்காலிட்டு எழுந்து, குத்துக்காலிட்டு எழுந்து, அவள் முட்டி தேய்ந்துவிட்டது. லீவில் வந்தால் எங்கள் அடுக்குமாடிப் படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவாள். கால் வீங்கியிருக்கும். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பார். அதில் காலை வைத்தபடியே தூங்கிவிடுவாள்.

அப்படி இருந்தும் பொறுப்பாளர் ஆக வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. பிசினஸ் வகுப்பில் யார் எப்போது எதைக் கொண்டு போக வேண்டும் என்று சொல்கிறவர்தான் பொறுப்பாளர். பயணம் முடிந்ததும் அன்றைய அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அதுவரைக்கும் என் தங்கை உழைத்த அத்தனை பயணத்திலும் வேறு யாரோதான் கையெழுத்துப் போட்டார்கள். பொறுப்பாளர் ஆக மூன்று சோதனைப் பயணங்கள் தேற வேண்டும். இரண்டு தேறிவிட்டாள். மூன்றாவது, கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குக் காலையில் புறப்படும் விமானம். சோதிக்க வந்தவர் கைருல் என்ற மூத்த பணியாளர். யான் என்ற ஊர்க்காரர். அவரும் கெடாக்காரர் என்பதால் என் தங்கைமேல் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு.

அந்த விமானத்தில் ஹபீப் முகம்மது என்று ஒரு பெரியவர் ஏறினார். எங்கள் கெடாவிலேயே ஜித்ராவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். லண்டனில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். பிசினஸ் வகுப்பில் போவது அதுதான் முதல் தடவை. தொப்பியும் கைலித் துணியில் தைத்த பையுமாக வந்தவரைப் பார்த்ததும் என் தங்கைக்கு ஊரே ஏறி வந்த மாதிரி இருந்திருக்கிறது. முந்தின பயணம் முடிந்து சரியாகத் தூங்காத உடம்பு வேறு. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் வாயில் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது வரவில்லை.

"பசியாறிட்டீங்களா, மாமா?"

"ஆச்சுமா, ஆச்சு. நீ பசியாறிட்டியா?"

"ஆச்சு மாமா."

அவ்வளவுதான். அவள் எழுந்தாள். அவர் பெயருக்கு நேரே 'சாப்பிட்டாயிற்று' என்று குறித்தாள். அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

விமானம் மேலே போனதும் சுற்றியிருந்த மேசைகளில் வெள்ளைத் துணி விரிப்பதைப் பெரியவர் பார்த்தார். சாப்பாடு வரப் போகிறது என்று நினைத்தார். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கழிவறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். திரும்ப உட்கார்ந்தபோது கைபட்டு ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, நாற்காலி அப்படியே நீண்டு கட்டிலாகிவிட்டது. எப்படி நிமிர்த்துவது என்று தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கக் கூச்சம். படுத்தபடியே இருந்தார். வழியில் போகிறவர்கள் பார்க்கும்போது தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

சாத்தே வாசனை வந்தது, போனது. சுற்றிலும் தட்டுகள் வந்தன, போயின. அவரைத் தாண்டும்போதெல்லாம் மற்றப் பணிப்பெண்கள், தூங்குகிறவர், சாப்பிட்டவர் என்று மெதுவாக நடந்தார்கள்.

தட்டெல்லாம் எடுத்து முடித்து விளக்கைக் குறைத்த பிறகு, போர்வை நழுவிக் கிடக்கிறதே என்று என் தங்கை அவரிடம் போனாள். போர்வையைத் தூக்கியபோது அவர் கை அவள் கையில் பட்டது. ஈரத்துண்டு மாதிரி இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. எங்கள் அப்பாவுக்கும் இனிப்பு நீர்தான். அந்தக் குளிர்ந்த வியர்வையை அவளுக்குத் தெரியும்.

"மாமா! மாமா, ஊசி போட்டீங்களா?"

"கடைய... கடையச் சாத்தியாச்சா?" என்றார். நாக்கு குழறியது.

அவள் ஒரு பணிப்பெண்ணை அனுப்பிப் பயணிகளில் மருத்துவர் யாராவது இருக்கிறாரா என்று அறிவிக்கச் சொன்னாள். ஆரஞ்சுச் சாற்றில் சீனியைக் கலந்து, அவரை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஒரு மருத்துவர் வந்து பார்த்து, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், இதையே கொடுங்கள், பிறகு சோறு கொடுங்கள் என்றார். பெரியவருக்குக் கண் தெளிய நேரமானது. தெளிந்ததும் தொப்பியைத் தேடினார்.

"பசிச்சா கேக்க வேண்டியதுதானே மாமா?"

"சோத்தக் கேட்டு வாங்கிப் பழக்கமில்ல பிள்ள. ஜித்ராவுல அவ்ளோ வருசம் கடையில நாந்தான் மத்தவங்களக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"ஆச்சுன்னு சொன்னீங்களே மாமா."

"பின்ன? பசியாறிட்டீங்களான்னு கேட்டா, இல்ல பட்டினின்னா சொல்வாங்க? நல்ல பிள்ள போ."

அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இம்மாம் பெரிய தட்டுல இத்துணூண்டு சோறு. என் கடையில இப்படி வச்சா மேசையக் கவுத்துட்டுப் போயிருவானுங்க."

இதைச் சொல்லும்போது ரூபினி அவர் மாதிரியே பேசிக் காட்டினாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல் மூலைக்குப் போய், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்புப் பெட்டியில் சாய்ந்து நின்றாள். கைருல் வந்தார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன்; அண்ணன் என்கிற 'அபாங்'கையும் பேச்சோடு ஒட்டும் 'லா'வையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"பெரியவர் நல்லா இருக்கார். பயப்படாத. அறிக்கையில 'பயணி உணவு வேண்டாம் என்றார்'னு எழுதிரு. முடிஞ்சது லா."

"அவரு வேணாம்னு சொல்லலையே."

"சாப்பிட்டேன்னு சொன்னாரு. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல அபாங். யான்ல உங்கள யாராவது 'சாப்டாச்சா'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

கைருல் திரை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "ஆச்சுன்னுதான் சொல்வேன்" என்றார். "நமக்குப் புரியுது ரூபினி. ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்குப் புரியாது. நீ உண்மையச் சொன்னா உன்னத் தேற விடமாட்டாங்க. யோசிச்சுக்க."

யோசித்தாள். இறங்கும்வரை யோசித்தாள். பயணி எதையும் மறுக்கவில்லை, ஊர் வழக்கப்படி நலம் விசாரித்ததற்கு அவர் சொன்ன பதிலை நான் உணவு வேண்டாம் என்று தவறாகக் குறித்துக்கொண்டேன் என்று எழுதினாள். கைருல் அதன்கீழே கையெழுத்துப் போட்டார்.

கோலாலம்பூர் அலுவலகத்தில் விசாரித்த அம்மாள் தன்மையாகத்தான் கேட்டாராம். அவர் சாப்பிட்டேன் என்று சொன்னார் என்கிறீர்கள், அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது என்று. எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் வேலை நேரத்தில் ஏன் அதைக் கேட்டீர்கள் என்றார். சோதனை தேறவில்லை. அடுத்த அறிவிப்பு வரும்வரை பின்னால், தள்ளுவண்டிக்கு.

அதற்கு அடுத்த வாரம் லீவில் வந்தாள். அன்று நான் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அக்கா, பசியாறிட்டியா?"

"ஆச்சு" என்றேன்.

அவள் மேசையைப் பார்த்தாள். நான் பசியாற வாங்கிவந்த ரொட்டிச் சானாய்ப் பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் முழுக் கதையையும் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. "அந்தக் கைருல் அவ்ளோ சொல்லியும் கேக்கலையே நீ. வேணாம்னாருன்னு ஒரு வரி எழுதுனா என்னடி கொறஞ்சிரும்?"

"அவரு சாப்பாட்டுக் கடைக்காரரு அக்கா. சோறு வேணாம்னு சொன்னவருன்னு அவரு பேர்ல நான் எப்படி எழுதுவேன்?"

நான் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு தட்டில் வைத்தேன். அவள் பாதி தின்பதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

பின்னால் போன மாதங்கள் நீண்டுகொண்டே போயின. தள்ளுவண்டியின் பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. கோழியா மீனா, கோழியா மீனா என்று தூக்கத்தில் பேசுவாள். போதும், வந்துவிடு, தொழிற்சாலையில் சொல்லி வைக்கிறேன் என்றேன். "இன்னும் ஒரு தடவ பார்ப்போம் அக்கா" என்றாள். அதிலும் குரலில் தெம்பு இல்லை.

திரும்பச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். அதே காலை விமானம், அதே கைருல். அன்று ஈப்போவிலிருந்து ஒரு வயதான தமிழ்த் தம்பதி ஏறியிருந்தார்கள். இவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பசியாறிட்டீங்களா என்று கேட்கவில்லை. என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டாள். அந்த அம்மா, "ஒண்ணும் வேணாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். இவள் எதையும் குறிக்கவில்லை. துணியை மட்டும் விரித்துவிட்டுப் போனாள். சாத்தே வந்தபோது முதலில் அவர்கள் மேசைக்குக் கொண்டு போனாள். "வேணாம்னா வச்சிருங்கம்மா, அப்புறம் எடுத்துக்கறேன்" என்றாள். பிறகு போய்ப் பார்த்தபோது குச்சிகள்தான் இருந்தன. பழம்வரைக்கும் இருவரும் ஒன்றையும் விடவில்லை.

லண்டனில் கடைசிப் பயணி இறங்கிய பிறகு கைருல் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் கொடுத்தார். "என்ன பார்க்கற? எனக்குத் தூக்கம் வருது. போடு லா."

அன்றைக்கே அவள் எனக்குப் போன் செய்தாள். சந்தோஷமா என்று கேட்டேன். "கால்தான் வலிக்குது அக்கா" என்றாள். பிறகு, "நீ பசியாறிட்டியா?" என்றாள். இல்லை, இனிமேல்தான் என்றேன்.

பொறுப்பாளர் என்ற இடத்தில் என் தங்கை ரூபினி சின்னையா முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் 2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.