உதறல் நின்ற கை

பிறந்து இருபது மணி நேரமான ஆண் குழந்தைக்குக் கை, கால் உதறத் தொடங்கியது. அழுகை கீச்சென்று இருந்தது. பால் குடிக்கவில்லை. சுகர் நார்மல். ஃபிட்ஸ் என்று நினைத்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனேன். விருத்தாசலத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த பதினெட்டாவது வருஷம் அது.

குழந்தை டாக்டர் வந்தார். உதறும் கையை மெல்லப் பிடித்தார். நின்றது. விட்டார். உதறியது.

"ஃபிட்ஸ்னா புடிச்சாலும் நிக்காது சிஸ்டர். அம்மா ஏதாவது மாத்திரை சாப்புட்டாங்களா?"

"கேட்டேன் மேடம். இல்லன்னாங்க."

"யாரு சொன்னா?"

யோசித்தேன். பதில் சொன்னது மாமியார். "எங்க வூட்டுல தலைவலிக்கே மாத்திரை வாங்க மாட்டோங்க, நீங்க வேற!" அட்மிஷனில் நான் அதைத்தான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

மாமியாரை வெந்நீர் வாங்க அனுப்பிவிட்டு ஸ்கிரீனை இழுத்தேன். குழந்தையின் தாய் செல்விக்கு இருபத்தாறு வயது. கேட்டதும் அழுதாள்.

"மனசு சரியில்லாததுக்கு மூணு வருஷமா சாப்புடறேன் சிஸ்டர். வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். சத்து மாத்திரை கவருல போட்டு வெச்சிருந்தேன். நாந்தான் புள்ளைய கெடுத்துட்டனா? இன்னியோட வுட்டுடறேன்."

டாக்டர் மனநல மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"திடீர்னு வுட்டா நீ படுத்துடுவம்மா. தொடர்ந்து சாப்புடு, பாலும் குடு. வயித்துக்குள்ள இருந்தப்ப உன் மாத்திரை அவனுக்கும் போச்சு. இப்ப குறையுது, உடம்பு தேடுது. தானா அடங்கும். நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்."

விளக்கைக் குறைத்து, சத்தத்தை நிறுத்தி, குழந்தையைச் செல்வியின் மார்பில் படுக்க வைத்தோம். செராமிக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். அசையாத கை. அந்தக் கைக்குள் குழந்தையின் உதறும் கையை வாங்கிக்கொண்டாள். நின்றது. சார்ட்டில் எழுத வேண்டியதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் உதறல் குறைந்தது. நான்காம் நாள் பால் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினான். மருந்து என்று ஒரு சொட்டுகூட நாங்கள் தரவில்லை. இரண்டரைக் கிலோ உடம்பு, பழகிய ஒன்றை விட்டு வெளியே வரும் வழியைத் தானே கண்டுபிடித்தது. எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான். இதைப் பார்ப்பது அதுதான் முதல்முறை.

டிஸ்சார்ஜுக்கு முன் மாமியார் கேட்டார்: "புள்ளைக்கு என்னதாங்க இருந்துச்சு?"

செல்வி என்னைப் பார்த்தாள். "பொறந்த புதுசுல சில புள்ளைங்களுக்கு வரும். சரியாயிடுச்சும்மா," என்றேன். மீதியைச் சொல்வதா வேண்டாமா என்பது அவள் விருப்பம்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒன்று. மாத்திரை பற்றிக் கேட்கும்போது தாய் தனியாக இருக்கட்டும். அவள் வாயிலிருந்து வராத 'இல்லை'யைக் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள்.