நாங்கள் மூன்று பேர் வாங்கிய ஹெரால்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போனால், நடை ஒன்றுதான் நடக்காது. இளநீர் குடிக்கலாம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம், யார் வீட்டு நாயையோ கொஞ்சிவிட்டு வரலாம். நான் இந்த மூன்றையும் முடித்துக்கொண்டு திரும்பும்போதுதான் அந்த வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த ரெக்சினும் பெட்ரோலும், கொஞ்சம் பழைய துருவும் கலந்த வாசனை. நான் நின்றுவிட்டேன். பின்னால் ஓடிவந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் என் மேல் மோதாமல் ஒதுங்கி, "பார்த்து ஆன்ட்டி" என்றார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு அங்கே வந்து வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். வரிசையின் கடைசியில் ஒரு ஹெரால்ட் நின்றிருந்தது. இரண்டே கதவு. இளம் நீலம். காரின் மூக்கு முழுவதையும் முன்பக்கமாகக் கவிழ்த்துப்போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் கடைபரப்பி வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் அப்படித் திறக்கும் கார் அது ஒன்றுதான். நம்பர் பலகையில் கடைசி இரண்டு எண்கள் நாற்பத்தேழு.

எங்கள் கார். சத்தியமாக எங்கள் கார்தான்.

'எங்கள்' என்றால் யார் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ரோடில் ஓர் அலுவலகத்தில் நானும் ருக்மிணியும் தனமும் வேலை பார்த்தோம். நான் சேலத்திலிருந்து வந்து தி.நகரில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ருக்மிணிக்கு மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னால் சந்து, வீடு நிறையப் பாட்டு. தனம் எங்கள் அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் உட்காருவாள். அவள் வீடு அடையாற்றின் கரையில், ஓலையும் தகரமுமாக வரிசைகட்டிய குடிசைகளில் ஒன்று. அவளுடைய நைனா, அதாவது அப்பா, டாக்சி ஓட்டினார். போர்டில் தனம் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு அவளைப் பார்க்க வருகிறவர்கள், வேறு யாரையோ தேடுவார்கள்.

ஓய்வுபெற்று ஊருக்குப் போகவிருந்த அதிகாரி ஒருவர் தன் ஹெரால்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் தவித்தபோது, தனம்தான் சொன்னாள். "மூணு பேரா சேந்து வாங்கிக்கலாம். நைனா ரிப்பேரு பாத்துக்கும்."

"ஆத்துல தெரிஞ்சா கொன்னுடுவா" என்றாள் ருக்மிணி. சொல்லிவிட்டு முதலில் பணம் கொண்டுவந்தவளும் அவள்தான்.

இருபத்து மூன்று வயதில் மூன்று பெண்கள் ஒரு கார் வாங்கினோம் என்று இன்று சொன்னால் பெரிய புரட்சி போலத் தோன்றும். அப்போது அப்படி எதுவும் தோன்றவில்லை. பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்பதுதான் காரணம். விடுதியில் நிறுத்த விடமாட்டார்கள். மயிலாப்பூர்ச் சந்தில் நிறுத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் கார் தனத்தின் வீட்டருகே ஆற்றங்கரையில் நின்றது. காலையில் தனம் ஓட்டிக்கொண்டு வந்து தி.நகரில் என்னை ஏற்றிக்கொள்வாள். ருக்மிணி கோயில் வாசலில் கும்பிடுவது போல நின்று, நாங்கள் வந்ததும் பாதிக் கும்பிடில் ஓடிவந்து ஏறுவாள். ஞாயிறுகளில் இதே கடற்கரைக்கு வருவோம். அப்போது இங்கே இருக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலைத் தாண்டினால் மணல், மணல், அப்புறம் கடல். ஒருமுறை கார் மணலில் புதைந்து, ஊரூர்க் குப்பத்து மீனவர்கள் வலை இழுப்பது போலக் கயிறு கட்டிப் பாட்டுப் பாடி இழுத்துவிட்டார்கள்.

அந்தக் காரைத்தான் கண்ணெதிரில் பார்த்துக்கொண்டு நின்றேன். காரின் இப்போதைய உரிமையாளர் பிரசன்னா என்பவர், நாற்பது வயதிருக்கும், நல்ல பிள்ளை.

"எங்கப்பா நந்தனத்துல ஒரு ஷெட்டுல பார்த்து எடுத்தாரு ஆன்ட்டி. வீல்கூட இல்லாம செங்கல் மேல நின்னுதாம். அதுக்கு முன்னாடி யாருதுன்னு தெரியல."

வீட்டுக்கு வந்ததும் ருக்மிணிக்குப் போன் செய்தேன். மயிலாப்பூரை விட்டு அவள் நகரவில்லை. மாடிவீடு அடுக்குமாடியாகிவிட்டது, அவ்வளவுதான்.

"நம்ம கார் கிடைச்சிடுச்சுடி. அதே நீலம்."

"நீலமா? நம்ம கார் பச்சைன்னா!"

"பச்சையா? விளையாடாதே. நம்பர் நாற்பத்தேழு."

"எழுபத்துநாலு. நன்னா ஞாபகம் இருக்கு. நீதானே நந்தனம் காலேஜ் வாத்தியார் ஒருத்தருக்கு வித்துட்டதா எனக்கு எழுதினே?"

எனக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் வாத்தியாருக்கு விற்றதாக எனக்கு எழுதியது ருக்மிணி. அப்படித்தான் நாற்பது வருடங்களுக்கு மேலாக நம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் திருமணமாகி நான் நாக்பூர் போய்விட்டேன், பல வருடம் கழித்துத்தான் சென்னைக்குத் திரும்பினேன். ருக்மிணியும் திருமணத்துக்கு வேலையை விட்டாள். கார் தனத்திடம் இருந்தது. பிறகு நான் அவளிடம் கேட்டேனா, அவள் சொன்னாளா, எதுவும் தெளிவில்லை. ருக்மிணி விடவில்லை. கார் மணலில் புதைந்தபோது தானேதான் ஓட்டிக்கொண்டிருந்ததாகவும் சேர்த்துச் சொன்னாள். அவளுக்கு ஸ்டியரிங்கின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றே தெரியாது. ஆனால் அவள் சொன்ன உறுதியில், போனை வைத்தபின் எனக்கே சந்தேகமாகிவிட்டது.

இனி தனம் ஒருத்திதான் தீர்ப்புச் சொல்ல முடியும். அவளுடைய சித்தி மகள் குப்பத்தில் மீன் விற்றது நினைவுக்கு வந்தது. மறுநாள் போய் ஒரு மீன்கூடைக்கு முன்னால் தயங்கியபடி விசாரித்தேன். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது சித்தி மகளின் மருமகளேதான்.

"தனம் அக்காவா? பெரும்பாக்கத்துல கீது. நெம்பர் வோணுமா?" என்றாள், வஞ்சிரம் நறுக்குவதை நிறுத்தாமல்.

பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியத்தின், ஒரே அச்சில் வார்த்தது போன்ற கட்டடங்கள். மூன்று தடவை தவறான கட்டடத்தில் ஏறி இறங்கினேன். நாலாவதில், கதவைத் திறந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா, இத்தினி நரச்சிக்கினு வந்து நிக்கிற?"

குரல் மட்டும் அப்படியே இருந்தது, போர்டில் பேசிய அதே குரல். இருவரும் கொஞ்சம் அழுதோம், நிறையச் சிரித்தோம். டீ வந்தது. நான் பொறுமையில்லாமல் கேட்டேன்.

"தனம், நம்ம கார் நீலமா, பச்சையா?"

"வெள்ள."

"வெள்ளையா!"

"நைனா பெயிண்ட் அடிச்சிச்சே. அப்போ நீங்க இருந்தீங்களா, பூட்டீங்களா, தெரியல."

"அந்த வாத்தியாருக்குத்தானே வித்தே?"

தனம் டீ தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்த வாத்தியாரு? அத்த எங்க வித்தேன்? ஆத்தாண்ட வூடுங்கள இடிச்சி எடுத்தாங்களே, அப்போ காருதான் எங்களுக்கு வூடு."

அவளே சொன்னாள். காலையில் வேலைக்குப் போனபோது வீடு இருந்தது, சாயங்காலம் திரும்பியபோது இல்லை. பாத்திரங்களையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் அம்மா வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். நாங்கள் போனபின் பெட்ரோல் போட முடியாமல் நிறுத்தியிருந்த கார் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. மழை வேறு பிடித்துக்கொண்டது. நைனா, அம்மா, தம்பிகள் இருவர், இவள் என்று ஐந்து பேரும் அதில்தான் படுத்தார்கள். கண்ணாடிக்குச் சேலையைத் திரையாகக் கட்டினார்கள்.

"மழ வுடற வரிக்கும் அதுலதான். காலைல ஆத்துத் தண்ணில மொகம் கழுவிக்கினு, தம்பிய கண்ணாடி புடிக்கச் சொல்லி பொட்டு வச்சிக்கினு, ஆபீஸ் போயி போர்டுல குந்திக்கினு குட் மார்னிங் சொல்வேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்புறம்?"

"அப்பால லாரி வந்துச்சு. எல்லாரையும் ஏத்திக்கினு போயி ஊருக்கு வெளிய வுட்டாங்க. வண்டில பெட்ரோல் இல்ல. நைனா சொல்லிச்சு, அப்பறமா வந்து எடுத்துக்கலாம்னு. வந்து பாக்கசொல்ல காணோம்."

அந்த மாதம் நான் நாக்பூரில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில்லை. புதுக் குடித்தனம், சப்பாத்தி இட வராமல் திணறியிருப்பேன்.

அடுத்த முறை கார்கள் கூடிய ஞாயிறன்று தனத்தையும் ருக்மிணியையும் அழைத்துக்கொண்டு போனேன். ருக்மிணி தடி ஊன்றிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும், சண்டை பிடிப்பது போல ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு காரைப் பார்த்தோம்.

"இதுதான்" என்றாள் ருக்மிணி, பச்சையை மறந்துவிட்டு.

தனம் காரைச் சுற்றி வந்தாள். பிரசன்னாவிடம், "உள்ள குந்தலாமா நைனா?" என்று கேட்டாள். அவர் கதவைத் திறந்து முன்சீட்டை மடக்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய தனம் குனிந்து, பழக்கப்பட்டவள் போலப் பின்னால் நுழைந்து உட்கார்ந்தாள். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. சீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கையால் தடவிப் பார்த்தாள். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இது இல்ல" என்றாள் கடைசியில்.

"எப்படிச் சொல்றே?" என்றேன்.

"நாங்க அஞ்சு பேரு படுத்தோம். நைனா நல்ல ஒசரம். இதுல எப்பிடிப் படுக்கறது?"

ருக்மிணி என்னைப் பார்த்தாள். நான் பிரசன்னாவைப் பார்த்தேன். அவருக்குக் கதை தெரியாது. உதவி செய்கிற எண்ணத்தில், "ரெண்டு கதவு ஹெரால்ட் எல்லாமே இதே சைஸ்தான் ஆன்ட்டி. பெருசுன்னு தனியா வரல" என்றார்.

தனம் அதைக் கேட்டுக்கொண்டாள். மறுபடி சீட்டைத் தடவினாள். இங்கே ஒருவர், கீழே கால் வைக்கும் இடத்தில் ஒருவர், முன்னால் இரண்டு பேர் என்று விரலை நீட்டி நீட்டி ஏதோ கணக்குப் பார்த்தாள். விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்போ எப்பிடிப் படுத்தோம்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது போலக் கேட்டாள். நான் இந்த ஊரிலேயே அப்போது இல்லை. அவளோடு காரில் இருந்த நால்வரில் நைனாவும் அம்மாவும் போய்ப் பல காலமாகிறது. தம்பிகளில் ஒருவன் குடித்தே செத்தான், இன்னொருவன் போன வருடம் போனான். இனி அவள் கேட்பதற்கு ஆளில்லை.