துவக்கின் வாய் எந்தப் பக்கம்?

பழைய துவக்கு (துப்பாக்கிதான்) விற்கிற கடையில் வேலை செய்கிறவன், வந்தவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கையில் இருப்பதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றுதான் பார்ப்பான். எழுபதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்த எனக்கு, புறநகர் டண்டினோங்கில் கிடைத்த வேலை அது. சீனவெடி கொளுத்தவே பயப்படுகிறவன் நான். முதலாளி கென் இதைக் கண்டுபிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பயமுறுத்துகிற வேலைக்குத் தினமும் சப்பாத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

*கணப்புக்கு மேலே தொங்கியது*

முதல் கிழமையே ஒரு வெள்ளைக்கார அம்மா போர்வையில் சுற்றி ஒரு துவக்கைக் கொண்டுவந்தார். வாய்வழியாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் போட்டு, நீளக் கோலால் இடித்து இறுக்குகிற அந்தக் காலத்துச் சாமான். காலஞ்சென்ற கணவரின் குடும்பச் சொத்தாம், கணப்புக்கு மேலேயே தொங்கியதாம். கென் கோலைக் குழலுக்குள் விட்டார். வாய் வருகிற இடத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்து, குழலின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் வைத்துக் காட்டினார். கோல் அடிவரை போயிருக்கவில்லை. உள்ளே எவனோ போட்டுவிட்டு மறந்த வெடி அப்படியே இருந்தது.

நான் மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அந்த அம்மா மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

“துடைத்து முடித்ததும், உள்ளே தூசி இருக்கிறதா என்று கண்ணை வைத்துத்தானே பார்ப்பேன்” என்றார்.

*நோபல் பார்க் அண்ணை*

சண்முகம் கோயம்புத்தூர் மில்லில் என்ஜினியராக இருந்தவர். பக்கத்து நோபல் பார்க்கில் வீடு. ஒரு சனிக்கிழமை மனைவி ராஜேஸ்வரியோடு சும்மா பார்க்க வந்தவர், சுவரில் இருந்த ஒன்றைக் கண்டதும் நின்றுவிட்டார். அதே வாய்வழித் துவக்குத்தான், ஆனால் அழகென்றால் அப்படியொரு அழகு. வரிவரியாக ஓடுகிற வால்நட் மரம், பித்தளைப் பூண், யாரோ ஆசையோடு வைத்திருந்த மினுக்கம். தூரத்தில் நின்று பார்த்தால் எனக்கே ஆசை வரும்.

சுவரில் மாட்டத்தானே, அண்ணை, என்று நப்பாசையோடு கேட்டேன். இல்லையாம், குறிபார்க்கும் மைதானத்தில் போய் ஆசை தீரச் சுடத்தானாம். இது வெடித்துக் கையைக் கொண்டுபோகுமா என்று ராஜேஸ்வரி என்னிடம் தனியாகக் கேட்டார். கவனமாக இருந்தால் போகாது என்றேன். என் குரலே என்னை நம்பவில்லை. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கோலை விட்டு அளக்க வேண்டும், குழல் வெறுமை என்று தெரிந்தபிறகே அடுத்த மருந்து என்று கென் அண்ணைக்குப் படித்துப் படித்துச் சொன்னார். சண்முகம் டாக்டரிடம் தலையாட்டுவதுபோல் ஆட்டினார். நாளைக்கே சுடப் போகிறாரா என்று பயந்துகொண்டு கேட்டேன்.

“அதெப்படி தம்பி? ஆயுத பூஜை முடியட்டும். நல்ல நாள் பாத்துதான் முதல் வெடி.”

*குறி சரியில்லை*

பூசை முடிந்து ஒரு திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். சண்முகம் துவக்கை மேசையில் வைத்தார். வாய் என் தொப்புளைப் பார்த்தது.

“அண்ணை, அதைக் கொஞ்சம் அங்கால திருப்புங்கோ” என்றேன்.

திருப்பிவிட்டுக் குறை சொன்னார். பல தடவை சுட்டும் அட்டையில் ஓர் ஓட்டைகூட விழவில்லை, குறி கோணல் என்றார். பின்முற்றத்துக்கு வா, மருந்துக்குப் பொறி தட்டுகிற புதுக் கேப் ஒன்று மாட்டிச் சுட்டே காட்டுகிறேன் என்று துவக்கைத் தூக்கினார். கோல் விட்டுப் பார்க்காமல் விடமாட்டேன் என்று குழலைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம். கென்னுக்குச் சிரிப்பு. கோலை விட்டேன். பாதித் தூரம் போவதற்குள்ளேயே அது நின்றுவிட்டது.

கென்னின் சிரிப்பும் நின்றது. சுட்டபோது துவக்கு பின்னால் தோளில் இடித்ததா என்று கேட்டார். வரிசையில் எல்லோரும் ஒன்றாகச் சுட்டார்களாம். ஒரே புகை, ஒரே சத்தம். பக்கத்துத் துவக்கு நெஞ்சை உலுக்கியதைத் தன்னுடையது என்று நினைத்து, அடுத்ததைப் போட்டு இடித்திருக்கிறார். ஏன் அளக்கவில்லை என்று நான் கேட்டேன்.

“வெள்ளைக்காரங்க எல்லாம் டக்கு டக்குன்னு சுடறாங்க, நான் மட்டும் குச்சியை விட்டு அளந்துட்டு நின்னா பயந்தாங்கொள்ளின்னு நெனைக்க மாட்டாங்களா?”

*மஞ்சள் களிம்பு*

கென் கடைக் கதவைப் பூட்டினார். குழலுக்குள் தண்ணீர் ஊற்றி, மருந்து ஊறும்வரை துவக்கை மூலையில் நிறுத்தினார். பிறகு அதைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி, மணல்மூட்டையைப் பார்க்க வைத்தார். என்னை அடிக்கட்டையைப் பிடிக்கச் சொன்னார். சம்பளம் தருகிறவர் சொன்னால் என்ன செய்வது? எங்கள் ஊர் முருகன் நல்லூரானைக் கூப்பிட்டுக்கொண்டு பிடித்தேன். கோலின் நுனியில் திருகாணி பூட்டி, ஈயத்தில் முறுக்கி, பக்கவாட்டில் நின்று இழுத்தார். ஒரு குண்டு வந்தது. சண்முகம் மூச்சு விட்டார். கோல் மறுபடியும் அடிவரை போகவில்லை. இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, பிறகும் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் சேர்ந்து வெடித்திருந்தால் குழல் பிளந்து முகத்தைக் கொண்டுபோயிருக்கும் என்றார் கென். சண்முகம் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஏன் பற்றவில்லை? கேப்பின் நெருப்பு உள்ளே இறங்குகிற சின்னக் குழாயைக் கென் கழற்றினார். துவாரம் நிறைய மஞ்சளாக ஏதோ களிம்பு, காய்ந்து கல்லாகியிருந்தது. மோந்து பார்த்துவிட்டு, புரியாமல் என்னிடம் நீட்டினார். சந்தனம். சண்முகத்தைப் பார்த்தேன். முக்கியமான இடம் என்று பூஜையன்று அங்கேதான் தாராளமாகப் பொட்டு வைத்தாராம். சந்தனம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று ஒரே பிடியாக நின்றார்.

நோபல் பார்க்கிலிருந்து வருகிற வழியெல்லாம் அந்தத் துவக்கு பின் சீட்டில் கிடந்தது, வாய் தன் காதுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது என்று ராஜேஸ்வரி மெல்லச் சொன்னார். சண்முகம் கார்ச் சாவியை எடுத்து, போகலாமா என்றார்.

“அன்னிக்குக் காருக்கும் இவர்தான் பூஜை போட்டாரு” என்றார் ராஜேஸ்வரி என்னைப் பார்த்து. “நான் ரயில்லயே போயிக்கறேன்.”

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தவர்கள் எல்லாரும் இன்னும் முழு முகத்தோடு சிரிக்கிறார்கள் என்றால், அந்தக் கடையில் பயப்படுவதற்கென்றே சம்பளத்துக்கு ஒருவன் இருந்ததுதான் காரணம்.